ரீமேப் போட்ட கோல்ஃப் ஜிடிஐ-க்கு எந்த கிளட்ச்?

பக் கிளட்ச் (பிடிப்புப் பொருளை முழு வட்டமாக இல்லாமல் தனித்தனித் துண்டுகளாகப் பதித்தது) வேண்டாம். மார்க் 7 ஜிடிஐ, ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றி சக்தியைக் கூட்டுவது), தினமும் நெரிசலில் ஆபீஸ், எப்போதாவது டிராக், இப்போது கிளட்ச் வழுக்குகிறது என்கிறீர்கள். இதற்கு ஆர்கானிக் தட்டும் (மென்மையாகப் பிடிப்பது), அதை அழுத்திப் பிடிக்கும் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் உள்ள கிட் போதும். செராமிக் பக் வெடுக்கென்று பிடிக்கும், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் வண்டி துள்ளும், டிராக் காருக்கு மட்டுமே அது சரி.

வழுக்கலுக்குக் காரணம் அநேகமாக டார்க்தான் (இன்ஜினின் முறுக்கு விசை). கம்பெனி தருவது 350 நியூட்டன் மீட்டர், ரீமேப்புக்குப் பிறகு அது 400-ஐத் தாண்டி, அதுவும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே மொத்தமாக வந்து இறங்குகிறது. அதனால் கிட்டில் போட்டிருக்கும் குதிரைத்திறனைப் பார்த்து மயங்காமல் டார்க் அளவைப் பாருங்கள். டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) உங்கள் காருக்கு வந்த டார்க் எண்ணைவிட 20 சதவீதம் கூடுதல் போதும். அதற்கு மேல் போனால் பெடல்தான் கனக்கும்.

இரண்டு சோதனைகள், முதலாவது வாங்கும் முன்:

1. இன்ஜின் சூடானதும் காலி சாலையில் 5ஆம் கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல் உறுதி.
2. கியர்பாக்ஸை இறக்கும்போது பழைய தட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்க கிராங்க் சீல் (இன்ஜின் எண்ணெயை வெளியே விடாத வளையம்) கசிந்தால் எந்த கிட் போட்டாலும் வழுக்கும்.

அப்புறம், பல கிட்கள் சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலோடு (அதிர்வை உறிஞ்சும் ஸ்பிரிங் இல்லாத, ஒரே துண்டான சக்கரம்) வரும், நியூட்ரலில் கடகட சத்தம் கேட்கும், அது பழுது இல்லை. ரிலீஸ் பேரிங்கையும் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிப்பது) கையோடு மாற்றிவிடுங்கள். முதல் 800 கிலோமீட்டர் நகருக்குள் நிதானமாக ஓட்டுங்கள், அதுவரை டிராக் பக்கம் போகாதீர்கள்.