வீட்டு மின்சாரத்தையும் கேஸையும் தனியாரிடம் விட்டால், போட்டியால் கட்டணம் குறையுமா?

முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்து பார்த்த பிரிட்டனை வைத்துச் சொல்கிறேன்.

லண்டனில் படிக்க வந்த புதிதில், ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரின் கடையில் மாலை நேரம் கல்லாவில் நின்றேன். பால், ரொட்டி, சிகரெட்டுக்கு அடுத்து அங்கே ஓடியது கரண்ட்தான். ஆட்கள் ஒரு பிளாஸ்டிக் சாவியை நீட்டுவார்கள். மெஷினில் செருகி 5 பவுண்டோ 10 பவுண்டோ ஏற்றித் தர வேண்டும். அதை வீட்டு மீட்டரில் செருகினால் அந்தக் காசு தீரும்வரை கரண்ட் வரும். குழாயில் வந்து வீட்டைச் சூடாக்கும் கேஸுக்குச் சாவி இல்லை, அட்டை. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கட்டுகிறவரைவிட இந்தச் சாவிக்காரர்கள்தான் அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வித்தியாசத்தை அரசு நீக்கியதே 2023 ஜூலையில்தான்.

குளிர் தொடங்கிய ஒரு நாள், முதல் நாள் கேஸ் அட்டையில் 10 பவுண்டு போட்ட அம்மா ஒருவர் திரும்பி வந்து, நான் காசை ஏற்றவே இல்லை என்று சத்தம் போட்டார். அண்ணன் என்னை ஓரமாக இழுத்து, "அவவோட சண்டை பிடியாதை தம்பி. கோடை முழுக்க கேஸ் பாவிக்காட்டியும் நாளுக்கு இவ்வளவு எண்டு ஏறிக்கொண்டுதான் இருக்கும். முதல் போடுற காசை மீட்டர் விழுங்கிடும்" என்றார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 1986-இல் பிரிட்டிஷ் கேஸ், 1990 கடைசியில் 12 வட்டார மின்சார நிறுவனங்கள் என்று அரசு பங்குகளை விற்றது. தொண்ணூறுகளில் விலைவாசியோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைந்தது உண்மை. ஆனால் அதில் வட கடல் எரிவாயு மலிவாகக் கிடைத்ததற்கும் பெரிய பங்குண்டு. 1999-க்குள் எந்த வீடும் விரும்பிய நிறுவனத்துக்கு மாறலாம் என்றானது. நிறுவனம் மாறினாலும் வீட்டுக்கு வருவது அதே கம்பி, அதே குழாய்தான். பில் போடுகிறவர் மட்டும் மாறுவார். (அரசிடமிருந்து பிடுங்கித் தனியாரிடம் கொடுத்த லண்டன் மின்சார நிறுவனத்தை 1998-இல் வாங்கியது யார் தெரியுமா? பிரெஞ்சு அரசின் மின்சார நிறுவனமான ஈடிஎஃப்.)

போட்டி யாருக்கு உதவியது? வருடாவருடம் இணையத்தில் ஒப்பிட்டு மாறுகிறவர்களுக்கு. அவர்களை இழுக்கத்தான் சலுகை விலை. மாறாமல் இருந்தவர்களிடம் அதை வசூலித்தார்கள். ஆறு பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களில் 70 சதவீதம் பேர் வழக்கமான, விலை கூடிய திட்டத்திலேயே கிடக்கிறார்கள், வருடத்துக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு அதிகமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று 2016-இல் அரசின் போட்டி மற்றும் சந்தை ஆணையமே சொன்னது. கடைசியில் 2019 ஜனவரியில் அரசு மறுபடியும் விலைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. சந்தையைத் திறந்துவிட்டு அப்புறம் பாதிக் கதவைச் சாத்தின கதை.

2021-இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியதும், முன்கூட்டி வாங்கி வைக்காத சின்ன நிறுவனங்கள் சரிந்தன. ஏறக்குறைய 30 நிறுவனங்கள்! மலிவு என்று நான் மாறியிருந்த நிறுவனமும் அதில் ஒன்று. ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். விளக்கு அணையவில்லை, கட்டியிருந்த முன்பணமும் போகவில்லை. ஒழுங்குமுறை அமைப்பு என்னை வேறொரு நிறுவனத்தில் சேர்த்துவிட்டது. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

இப்படிச் சரிந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களில் சேர்த்த செலவு 270 கோடி பவுண்டு, ஒரு வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு என்று 2022-இல் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொன்னது. அதில் பெரும்பகுதியை வசூலித்தது மின்சாரத்தின் நாள் கட்டணத்தில், அதாவது பயன்படுத்தாவிட்டாலும் தினமும் ஏறுகிற கட்டணத்தில். அந்த ஏப்ரலில் நாளுக்குச் சுமார் 25 பென்ஸாக இருந்தது 45 ஆனது. முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. மலிவு விலையில் ஒன்றரை வருடம் ஓட்டியவன் நான். அண்ணன் கடையில் சாவி நீட்டுகிறவர்கள் நிறுவனமே மாறாதவர்கள். அவர்கள் ஏற்றுகிற 5 பவுண்டிலும் அந்த 45 பென்ஸ் தினமும் கழிந்தது.