குளோன் குடா கார் வாங்க 401கே பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கிறேன், வயது 46. 1971 பிளைமத் குடா கன்வெர்டிபிள் (கூரையை இறக்கக்கூடிய கார்), ஹெமி என்கிற சக்திவாய்ந்த எஞ்சின் போட்டது, 1,40,000 டாலருக்கு வருகிறது. இதே மாடல் 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனதாமே! பழைய கம்பெனி 401கே-யில் (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில்) இருக்கும் பணத்தை எடுத்து வாங்கிப் போடலாமா? டாஷ்போர்டில் இருக்கும் வண்டி அடையாள நம்பரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படம் அனுப்பினீர்களே, அதுவே பாதி பதில் சொல்லிவிட்டது. நம்பர் பிஎச்27ஜி என்று ஆரம்பிக்கிறது. 27 என்றால் கன்வெர்டிபிள், அது சரி. ஆனால் பிஎச் என்பது சாதாரண பாராகுடா, அதன் வேகமான மாடலான குடா என்றால் பிஎஸ் என்று இருக்கும். ஐந்தாவது இடத்தில் இருக்கும் ஜி, 318 கன அங்குல எஞ்சினோடு பிறந்த வண்டி என்று காட்டுகிறது. 426 ஹெமிக்கு அங்கே ஆர் இருக்க வேண்டும். ஆக இது குளோன், அதாவது சாதாரண வண்டியில் ஹெமியை மாட்டி ஹெமி குடா மாதிரி ஆக்கியது. விற்பவர் அதை மறைக்கவில்லை என்றால் ஏமாற்று வேலையும் இல்லை, ஆனால் 35 லட்சம் டாலர் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

அந்த விலை எப்படி வந்தது என்று பாருங்கள். 1971-ல் ஹெமி போட்ட குடா கன்வெர்டிபிள் மொத்தமே 11 என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், காரணம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை! ஹெமிக்கு மட்டும் தனியாக எண்ணூறு டாலருக்கு மேல், இன்சூரன்ஸ் கம்பெனிகள் வேறு பிரீமியத்தை ஏற்றிவிட்டிருந்தன, டிராக் ரேஸ் ஓட்டுகிறவன் விறைப்பான ஹார்டுடாப்பைத்தான் (நிலையான உலோகக் கூரை உள்ள வண்டி) வாங்குவான், கூரையில்லாத வண்டி எஞ்சினின் அந்த டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசைக்கு, முறுக்கிக்கொள்ளும். அடுத்த வருடமே ஹெமியும் இல்லை, குடாவில் கன்வெர்டிபிளும் இல்லை. கலெக்டர் பணம் கொட்டுவது இந்த விற்காத கதைக்கும், அதை நிரூபிக்கும் ஃபெண்டர் டேக் (வண்டியின் விவரக் குறியீடுகள் பதித்த தகடு), பின் சீட்டு ஸ்பிரிங்கில் சொருகிக் கிடக்கும் ஃபேக்டரி பில்டு ஷீட் (வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற தாள்) போன்ற சாட்சிகளுக்கும்தான். எஞ்சினை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம்.

அசல் வண்டிக்கே விலை ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்காதீர்கள். 2021-ல் இண்டியானாபோலிஸில் மீகம் கம்பெனி நடத்திய கார் ஏலத்தில் ஒரு ஹெமி குடா கன்வெர்டிபிளுக்கு 48 லட்சம் டாலர் வரை கேட்டார்கள், உரிமையாளருக்கு அது போதவில்லை, விற்காமலே திரும்பியது. ஏலத்தில் கேட்ட விலை வேறு, கைக்கு வந்த பணம் வேறு.

அப்புறம் 401கே. அதைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் வயதில் எடுத்தால் வருமான வரியோடு 10% அபராதமும் போகும், அதாவது வண்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே நஷ்டம். லாபத்துக்கு விற்றாலும் பழைய கார்களை பொதுவாக கலெக்டிபிளாகத்தான் (சேகரிப்புப் பொருளாக) பார்ப்பார்கள், நீண்டகால லாபத்துக்கு வரி 28% வரை போகலாம். நஷ்டத்துக்கு விற்றால், சொந்த உபயோக வண்டி என்று அந்த நஷ்டத்தைக் கணக்கில் காட்டவும் முடியாது. மிச்சிகன் குளிரில் ஆறு மாதம் ஷெட்டில் நிற்கும், சாலை உப்பில் இறக்க மனசு வராது, அதற்கும் வாடகை.

ஆசை இருந்தால் தப்பே இல்லை, கோடையில் கூரையை இறக்கி ஓட்டுகிற சுகத்துக்கு விலை உண்டுதான். வெளியே சேர்த்து வைத்த உபரிப் பணம் இருந்தால் குளோனைக் குளோன் விலைக்கு வாங்குங்கள். மோபார் (பிளைமத் போன்ற கிரைஸ்லர் குழும) வண்டிகளைத் தெரிந்த தனி இன்ஸ்பெக்டர் ஒருவரை அனுப்பி அடிப்பகுதித் துருவைப் பார்க்கச் சொல்லுங்கள், அக்ரீடு வேல்யூ இன்சூரன்ஸுக்கு (வண்டியின் மதிப்பை முன்பே பேசி முடிவு செய்யும் இன்சூரன்ஸ்) முன்கூட்டியே கொட்டேஷன் வாங்குங்கள். அந்தக் கம்பெனி இதை எவ்வளவுக்கு மதிப்பிடுகிறது என்று தெரிந்த பிறகு விற்பவரிடம் பேரம் பேசலாம்.