வாய்ப்பாட்டைத் தூக்கிப்போன ஆறு

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம், நான்காம் வகுப்புகள் என் பொறுப்பு. பிள்ளைகளைக் கவிதை எழுத வைக்க வேண்டும் என்ற ஆசையில் இந்த வருடம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் நியூயார்க் பள்ளி ஒன்றில் பிள்ளைகளை எழுத வைத்ததைப் பற்றி ஒரு கட்டுரையில் படித்தேன். அதன்படி ஒவ்வொரு வரியையும் 'எனக்கு ஆசை' என்று தொடங்கச் சொன்னேன். 'டாக்டர் ஆக எனக்கு ஆசை', 'கலெக்டர் ஆக எனக்கு ஆசை' என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள்.

தலைப்புக் கொடுத்தால் பாடப்புத்தக வரிகளே திரும்பி வருகின்றன. ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னபோது நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் இப்படி எழுதினாள்: 'ஆத்துக்குப் பள்ளிக்கூடம்னா ஆச. உள்ள வந்து பெஞ்சுல உக்காந்துச்சு. போகும்போது எங்க வாய்ப்பாட்டத் தூக்கிட்டுப் போயிட்டு.' 2023 வெள்ளத்தை நினைத்து எழுதியிருக்கிறாள். கொச்சையாக இருந்ததால் 'தாமிரபரணித் தாயே, தவழ்ந்து வரும் நீயே' என்று மாற்றி, அவள் பெயரைப் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டினேன்.

எந்த வயதில் எதுகை, மோனை சொல்லித் தரலாம்? பேச்சு வழக்கை அனுமதிக்கலாமா? ஆண்டு விழாவில் பிள்ளைகளின் கவிதைகளைச் சிறு நூலாக வெளியிட நினைக்கிறோம், சரியா? அன்று நடக்கும் கவிதைப் போட்டிக்கு நீங்கள் நடுவராக வர முடியுமா?

செ.

அன்புள்ள செ.,

முதல் வேலையாக அந்தச் சுவரில் ஒட்டியதைக் கிழித்துப் போடுங்கள். அந்தப் பிள்ளை எழுதியதை அவள் கையெழுத்திலேயே, பிழையோடு ஒட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றிப் பெரியவர்கள் எவ்வளவு பேசினோம்! எத்தனை கன அடி திறந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர், யார் முன்கூட்டியே சொல்லவில்லை என்று. இந்தப் பிள்ளைக்கு ஆறு பள்ளிக்கூடம் பார்க்க வந்த ஓர் ஆளாகத் தெரிந்திருக்கிறது. வந்தது, பெஞ்சில் உட்கார்ந்தது, போகிற போக்கில் வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு போனது. வாய்ப்பாடு போனதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் அந்த ஆற்றை வெளியே துரத்திவிட்டு ஒரு தாயைத் தவழ்ந்து வரச் சொல்லியிருக்கிறீர்கள். ஏன் டீச்சர், அன்றைக்கு அது தவழ்ந்தா வந்தது?

உங்களைத் திட்டுவதற்காக மட்டும் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பஸ் நேரம் பார்க்கிறவர்கள்தான் அதிகம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கே கும்பிட வேண்டும். நானும் சில வாரங்களாகத் தொல்காப்பியத்தின் செய்யுளியலைத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு இடத்தில் மனம் சிக்கிக் கிடந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோக் செய்ததில் குற்றமில்லை. மன்ஹாட்டனில் பி.எஸ். 61 என்ற பொதுப் பள்ளியில் நடத்திய வகுப்புகளை அவர் 1970இல் நூலாக்கினார். ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்து வகுப்புக்கே ஒரு கவிதையாக வாசித்துக் காட்டினார். எதுகை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இன்னொன்று: ஒவ்வொரு ஆசையிலும் ஒரு நிறம் வரவேண்டும், ஒரு ஊரோ நாடோ வரவேண்டும், படக்கதையில் வருகிற ஒரு ஆளும் வரவேண்டும். இத்தனையையும் ஒரு வரிக்குள் அடைத்தால் கலெக்டர் ஆகிற ஆசை தானாகப் பிதுங்கி வெளியே போய்விடும். நீங்கள் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். நம் பள்ளிக்கூடத்தில் 'உன் ஆசை என்ன' என்பது அதிகாரி பார்வையிட வரும் நாளில் கேட்கிற கேள்வி. அதற்கான பதிலை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

எதுகை, மோனையை உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியருக்கு விட்டுவிடுங்கள். 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது காதில் இருக்கிறது. கேட்டு வாங்கினால் எதுகைக்காகப் பொய் சொல்லும். மரம் என்று எழுதினால் வரம் என்று முடித்துவிட்டு, மரத்தைப் பார்க்காமலே நோட்டை நீட்டும்.

இனி நான் சொல்ல வந்தது. விடுகதைக்கு நம் பக்கத்தில் அழிப்பாங்கதை என்று பேர், விடை கண்டுபிடித்துச் சொல்வதுதான் அழிப்பது. அதை ஏன் யாரும் வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போவதில்லை?

என் பெரியம்மை முக்கூடலில் பீடி சுற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் திண்ணையில் நாலைந்து பெண்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலை, அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டிய இலை, தட்டின் ஓரத்தில் தூள். சுற்றி, முனை மடக்கி, நூல் கட்டினால் ஒன்று. கைக்குக் கண் வேண்டாம், வாயும் சும்மாதான் இருக்கும். காத்தாடி போடக்கூடாது, தூள் பறந்துவிடும், இலை காய்ந்துவிடும். அந்தப் புழுக்கத்தில் அழிப்பாங்கதை போடுவார்கள். இருபத்தைந்து பீடி சேர்ந்து ஒரு கட்டு ஆவதற்குள் நாங்கள் அழிக்க வேண்டும். பாதிக்குமேல் ஊருக்கே தெரிந்தவை. 'அம்மா சேலையை மடிக்க முடியாது, அப்பா காசை எண்ண முடியாது' என்று தொடங்கும்போதே வானம், நட்சத்திரம் என்று கத்துவோம். கைவசம் இருந்தது தீர்ந்துபோனால் பெரியம்மை சொந்தமாகப் போடுவாள். ஒரு நாள் கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வந்தவள், முகம்கூடக் கழுவாமல் போட்டாள்:

ஆயிரம் பெத்தேன்.
அம்பதக் கழிச்சான்.
மிச்சத்துக்கு அவம் பேர வச்சான்.
சொல்லுல பாப்போம்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கட்டை முடித்து வைத்துவிட்டாள். "பீடிதாம்ல, மூதி" என்றாள் பெரியம்மை. கடையில் இருக்கிற ஆள் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, இது தளர்ச்சி, அது குட்டை என்று கழித்துப் போடுவான். கழித்ததற்குக் கூலி கிடையாது. மிச்சத்தில் முதலாளி பேர் போட்ட லேபிளை ஒட்டி வெளியூருக்கு அனுப்புவார்கள். திண்ணையில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு அன்று விளங்கவில்லை. பெரியம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாஸ்புக்கில் கைநாட்டு.

செய்யுளியலில் நான் சிக்கிக் கிடந்த இடம் இதுதான். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழையும் தொல்காப்பியர் ஒரே வரிசையில் வைக்கிறார். பிசி என்றால் நம் அழிப்பாங்கதைதான். அதில் இரண்டு வகை சொல்கிறார், முதல் வகையே உவமை சேர்ந்தது. அடுத்தாற்போல் அங்கதம், அதாவது கேலியும் வசையும். பெரியம்மை போட்டதில் இரண்டும் இருந்தன. புலவர் பாட்டுக்கு நாற்காலி, கிழவி விடுகதைக்குத் தரை என்று அவர் பிரிக்கவில்லை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டைப் பொருத்திய காளமேகத்தைக் கொண்டாடுகிற நாம், விடுகதையை வார இதழின் கடைசிப் பக்க மூலைக்குத் தள்ளிவிட்டோம்.

வகுப்பில் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். ஒரு பையில் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். பனங்கொட்டை, குக்கர் வெயிட், அறுந்துபோன செருப்பு வார், எதுவானாலும் சரி. ஒரு பிள்ளை மட்டும் பைக்குள் பார்க்கட்டும். பேரைச் சொல்லக்கூடாது. எதற்கு உதவும் என்றும் சொல்லக்கூடாது. இந்த இரண்டாவதை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். பயனைச் சொல்ல விட்டால் அடுத்த நிமிஷம் 'பசு பால் தரும்' என்று கட்டுரை எழுந்து நிற்கும். எப்படி இருக்கிறது, யார் மாதிரி இருக்கிறது, உன்னை என்ன செய்தது. அவ்வளவுதான்.

கவிதை எழுது என்றால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். டீச்சருக்கு என்ன பிடிக்கும் என்று தேடும். அழிப்பாங்கதை போடு என்றால் பொருளைப் பார்த்தே ஆக வேண்டும், பிறகு எதிரே இருக்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சட்டென்று அழித்துவிட்டால் போட்டவளுக்கு ரோஷம் வரும். யாராலும் அழிக்க முடியாவிட்டால் வகுப்பே சண்டைக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறவரை அவளே ஒரு சொல்லை எடுப்பாள், ஒன்றைச் சேர்ப்பாள், மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள். எழுதுகிறவர்கள் ஆயுசுக்கும் செய்கிற வேலை இதுதான். பிள்ளைகள் அதை விளையாட்டில் செய்துவிடுகிறார்கள், உங்கள் சிவப்பு மைக்கு அங்கே வேலையே இல்லை. புத்திமதிக்கும் இடமில்லை. தேசப்பற்றை வைத்து ஒரு அழிப்பாங்கதை போடுங்கள் பார்ப்போம்!

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். அது சொல்லச் சொல்ல நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள், ஒரு எழுத்தையும் மாற்றாமல். எழுதத் தெரிந்த பிறகுதான் கவிதை என்றால் என் பெரியம்மை கணக்கிலேயே வரமாட்டாள். பேச்சு வழக்கைப் பற்றிக் கேட்டதற்கும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் தாளில் திருத்துங்கள், யாரும் கேட்க மாட்டோம்.

ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளியில் இப்படிச் செய்து பார்த்தோம். பையில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு, வீட்டில் இருப்பதை வைத்துப் போடுங்கள் என்றேன். பின்வரிசையில் இருந்த பிள்ளை எழுந்து, பாவாடையைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

எங்கம்ம மடியில ஒரு காடு.
காத்தாடி போட்டா
காடு ஓடிப் போயிரும்.

பையன்கள் முழித்தார்கள். பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் உடனே கையைத் தூக்கிவிட்டார்கள். அந்த வீடுகளில் யார் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுக்கிறார்கள் என்பது அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. அங்கிருந்த ஆசிரியர் நெளிந்தார். "நல்லதா ஒண்ணு சொல்லும்மா" என்றார். நல்லதாம்!

இப்போது விடையை எடுத்து மேலே தலைப்பாக வையுங்கள். 'பீடித் தட்டு' என்று எழுதி, அதற்குக் கீழே அந்த மூன்று வரி. புதிர் போய்விடும், கவிதை அங்கேயே இருக்கும். உங்கள் மாணவி எழுதியதில் 'ஆத்துக்கு' என்பதை 'அதுக்கு' என்று மட்டும் மாற்றி, ஐந்தாம் வகுப்பில் போய்ப் படித்துக் காட்டுங்கள். எத்தனை பேர் அழிக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு 'ஆறு' என்று தலைப்பு வைத்து அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

நூல் வேண்டாம். அச்சில் பேர் வரும் என்றதும் அப்பா, மாமா, டியூஷன் அக்கா எல்லாரும் சேர்ந்து எழுதித் தருவார்கள். ஆண்டு விழாவில் பிள்ளைகளை மேடையேற்றி வாய்விட்டுப் போடச் சொல்லுங்கள், கீழே இருக்கிற அம்மாக்கள் அழிக்கட்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பனையே வாய்விட்டுச் சொல்லித்தான் ருசித்தார்கள். நம் ஊருக்கு இது புதிதில்லை.

நடுவராக வரமாட்டேன். எட்டு வயதுப் பிள்ளைகளில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று பிரித்து, மிச்சப் பேரை அழ வைக்கிற வேலைக்கு வேறு ஆள் பாருங்கள். ஆண்டு விழாவுக்குச் சும்மா கூப்பிட்டால் வருகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்து நானும் அழித்துப் பார்க்கிறேன். அதற்குமுன் உங்கள் பிள்ளைகள் போட்டதில் ஒரு பத்தைத் தபாலில் அனுப்புங்கள். விடையை எழுதிவிடாதீர்கள்.