கம்மாய்க்குப் போறதா, கடலுக்குப் போறதா? – வாசகர் கேள்வி பதில்

எங்க நடுநிலைப் பள்ளியில ஏழாம், எட்டாம் வகுப்புப் புள்ளைக 46 பேர். அரையாண்டு லீவுக்கு முன்னாடி ஒரே நாள்ல சித்திரங்குடி பறவைகள் சரணாலயம், சாயல்குடிப் பக்கம் பனங்காடு, ஏர்வாடி, தனுஷ்கோடி எல்லாத்தையும் பாத்துட்டு வந்துரலாம்னு ஹெச்எம் சொல்றாரு. முடியுமா?
– ஆசிரியை, பரமக்குடி

டீச்சர், முடியாது. பஸ்ல சுத்தி வரலாம், ஆனா புள்ளைக ஒண்ணையும் பாத்திருக்க மாட்டாக. மாவட்டத்தோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடுற பிளான் இது, சாயந்தரம் பாதிப் பேரு வாந்தி எடுத்துட்டுத் தூங்கிருப்பாக. ஏர்வாடியையும் தனுஷ்கோடியையும் வேறொரு நாளைக்கு வச்சுக்கங்க. சித்திரங்குடியும் பனங்காடும் மட்டும் போதும், முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடின்னு ஒரே ரோட்டு வாக்குல முடிஞ்சுரும்.

அடுத்தது மாசம். டிசம்பர்ல பறவை இருக்கும், ஆனா பதநீர் இருக்காது. பதநீர் மாசியிலதான் இறங்க ஆரம்பிக்கும், மிளகாய்த் தோட்டத்துல முண்டு வத்தலுக்குப் பழம் பறிக்கிறதும் களத்துல செக்கச்செவேல்னு காயப்போடுறதும் அப்பத்தான் (ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, அதையும் புள்ளைகளுக்குச் சொல்லுங்க, அவுக வீட்டுப் பொருள் அது). சித்திரங்குடி சரணாலயமே ஒரு கம்மாய்தான், அதுல தண்ணி கெடந்தா அந்த நேரத்துலயும் கூட்டுல குஞ்சுக இருக்கும். அதனால பிப்ரவரி பாதிக்கு மேல ஒரு நாளைப் பிடிங்க. ஆனா மழை பொய்ச்ச வருசம் கம்மாய் வத்திரும், பறவையும் வராது, அதனால ஒரு வாரத்துக்கு முன்னாடி நீங்களே ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துருங்க. அப்படியே தண்ணி எங்க பிடிக்கலாம், பொம்பளப் புள்ளைக பாத்ரூம் போக எங்க வசதி, பஸ் எங்க திரும்பும்னு பாத்து வச்சுக்கிட்டா அன்னிக்குப் பதட்டம் இருக்காது. ராமநாதபுரத்துல வன உயிரினக் காப்பாளர் ஆபீஸ்ல பள்ளி லெட்டர்பேடுல முன்கூட்டியே எழுதிக் குடுத்துருங்க.

வெள்ளனவே கிளம்பணும், ஏழு மணிக்குக் கம்மாய்க் கரையில நிக்கணும். நான் வாத்தியாரா இருந்தப்ப முதல் தடவை கூட்டிட்டுப் போனது பதினோரு மணிக்கு, வெயிலு மண்டையப் பொளக்குது, புள்ளைக பஸ்ஸ விட்டு இறங்கி ஓ-ன்னு கத்துன கத்துல மொத்தக் கூட்டமும் எந்திரிச்சுப் பறந்துருச்சு. அப்ப எல்லாரும் கை தட்டுனோம். பெறகுதான் கூட வந்த காவலர் சொன்னாரு, இந்த வெயில்ல தாய்ப் பறவை செறகை விரிச்சு நிழல் குடுத்துட்டு நிக்கும், அது எந்திரிச்சுப் போச்சுன்னா குஞ்சு வெயில்ல வாடிரும், காக்காவும் முட்டையக் கொத்த வந்துரும்னு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. அதுக்கப்புறம் எந்த வகுப்பக் கூட்டிட்டுப் போனாலும் பஸ்லயே சொல்லிருவேன், இது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி, கொரல எறக்கித்தான் பேசணும்னு.

அப்புறம் ஒண்ணு. இருபது பறவை பேரு எழுதிட்டு வாங்கன்னு வேலை குடுக்காதீங்க, ரெண்டு பேருக்கு ஒரு கூடுன்னு பிரிச்சு விட்டு இருபது நிமிசம் அதை மட்டும் பாக்கச் சொல்லுங்க. எத்தன தடவை தாய் வந்துச்சு, என்னத்தக் கொண்டாந்துச்சு, எந்தக் குஞ்சு முண்டியடிச்சு வாங்குச்சு. நத்தைகுத்தி நாரை கெடைச்சா அதிர்ஷ்டம், அதோட அலகு ரெண்டும் மூடுனாக்கூட நடுவுல ஒரு சந்து தெரியும், அது ஏன்னு நீங்க சொல்லாதீங்க, அது நத்தையப் பிடிக்கிறதப் பாத்துட்டு ஒரு புள்ள தானாக் கண்டுபிடிக்கும் பாருங்க.

ஒம்போதரைக்குக் கிளம்புனா பத்தரைக்குள்ள பனங்காட்டு விடிலிக்கு (பதநீரக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற குடிசை) போயிரலாம், காலையில எறக்குன பதநீர் அந்நேரம்தான் அடுப்புல கொதிச்சுக்கிட்டு இருக்கும். மூணு மணிக்கெல்லாம் பஸ்ல ஏறிருங்க.

எங்க விடிலிக்கு ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து அம்பது புள்ளைகளக் கூட்டிட்டு வர்றோம்னு கேக்குறாக. தாத்தா காலத்துப் பனங்காடு. நான் படிக்காதவன், என்னத்தச் சொல்ல? காசு கேட்டா தப்பா?
– பனையேறும் தொழிலாளி, சாயல்குடி

தம்பி, காசு கேளுங்க. ஒரு நாள் வேலை கெடும், புள்ளைக பதநீர் குடிக்கும், அதுக்குப் பணம் குடுக்கிறது பள்ளிக்கூடத்தோட பொறுப்பு. முன்னாடியே தொகையப் பேசிருங்க, அம்பது பேருன்னா ரெண்டு குழுவாப் பிரிச்சு அனுப்பச் சொல்லுங்க.

சொல்றதுக்கு ஒண்ணும் மனப்பாடம் பண்ண வேணாம், நீங்க தெனமும் செய்யிறதச் செஞ்சாப் போதும். ஒரே ஒரு மரம் ஏறிக் காட்டுங்க, கால்ல மாட்டி ஏறுற தளைநாரு, அருவாப்பெட்டி எல்லாத்தையும் கையில குடுத்துத் தூக்கிப் பாக்க விடுங்க. கலயத்துக்குள்ள தடவுன சுண்ணாம்ப விரலால தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. இந்தச் சுண்ணாம்பு இல்லாட்டி இது புளிச்சுக் கள்ளாயிரும், கள் எறக்க 1987ல இருந்து தடைன்னு சொல்லுங்க, அறிவியலும் சட்டமும் ஒரு கலயத்துக்குள்ளயே இருக்கு. கொதி பொங்கி வரும்போது ஆமணக்கு முத்த நசுக்கிப் போடுவீங்கள்ல, போட்டதும் நுரை அப்படியே அடங்கும், அந்த நேரம் பாத்துப் புள்ளைகளக் கூப்புடுங்க. எத்தன கலயம் ஊத்துனது எத்தன சிரட்டைக் கருப்பட்டி ஆச்சுன்னு அவுகளையே எண்ணச் சொல்லுங்க, கருப்பட்டி வெல ஏன் அப்படின்னு அன்னிக்குப் புரிஞ்சுரும்.

அடுப்பச் சுத்தி ஆறடிக்குக் கயிறு கட்டிருங்க. பாகு மேல தெறிச்சா ஒட்டிக்கிட்டுத் தோலோட வரும். இதுல எந்த வாத்தியாரு சொன்னாலும் விட்டுக் குடுக்காதீங்க. மரத்துல எந்தப் புள்ளையையும் ஏத்தவும் கூடாது.

மன்னார் வளைகுடா தீவுக்குப் புள்ளைகளக் கூட்டிட்டுப் போக ஆசை. விடுவாகளா?
– வாசகர், ராமநாதபுரம்

நெனச்ச தீவுல எறங்க முடியாது, 1986ல இருந்து அது தேசியப் பூங்கா. பாம்பன் பக்கம் குந்துகால்ல இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு இருக்கு, காத்தையும் கடலையும் பொறுத்துத்தான் விடுவாக, கிளம்புறதுக்கு முந்தின நாள் கேட்டுக்கங்க. படகு நின்னு போனாலும் அந்தக் கரையில சொல்ல விஷயம் இருக்கு. விவேகானந்தர் 1897ல வந்து எறங்குனது அங்கதான். இருந்த 21 தீவுல பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள்ள போயிருச்சு, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததால அலையத் தடுக்க ஆளில்லாமப் போச்சு. எட்டாம் வகுப்புப் புள்ளைக்கு இதக் கடலப் பாத்துக்கிட்டே சொல்லணும்.

சின்னப் புள்ளைகன்னா தொண்டிப் பக்கம் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள்ள படகுல போலாம், ஊர் மக்களே வனத்துறையோட சேந்து நடத்துறாக. லைஃப் ஜாக்கெட் ஒவ்வொரு புள்ளைக்கும் அளவாக் கட்டிருக்கான்னு நீங்களே இழுத்துப் பாத்துட்டு ஏத்துங்க, பெரியவுக சைஸ் சின்னப் புள்ளைக்குக் கழண்டு மேல வந்துரும். அங்க அலையாத்தி எலையத் திருப்பி அடிப்பக்கத்தப் பாக்கச் சொல்லுங்க, பொடிப்பொடியா உப்பு பூத்திருக்கும். பிச்சுற வேணாம், விரலால தடவி நாக்குல வச்சாப் போதும்.