லைன் சூப்பர்வைசர் முதல் வார்டு இன்சார்ஜ் வரை: வாசகர் கேள்வி பதில்

வேலையிடத்தில் நாலு பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பு புதிதாக வந்தவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடஆற்காட்டிலிருந்து, வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் லைனில் டெய்லராக இருந்தேன். போன மாதம் அதே லைனுக்கு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது நான் ஏதாவது சொன்னால் "நீயுமாடி?" என்று சிரிக்கிறார்கள். டார்கெட் 400 ஜோடி, 320-ஐத் தாண்ட முடியவில்லை. கண்டிப்பாக இரு என்கிறார் மேனேஜர். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, ஆம்பூர்

பதில்: யாரையும் அதட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஷிஃப்ட் 480 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்குப் பத்துப் பத்து போனால் மிச்சம் 430 நிமிடம், அதாவது 25,800 வினாடி. 400 ஜோடி வேண்டுமென்றால் ஒரு ஜோடிக்கு 64.5 வினாடி. லைனில் ஏதாவது ஒரு மிஷின் ஜோடிக்கு 80 வினாடி எடுத்தால், மற்ற எல்லோரும் பறந்து பறந்து தைத்தாலும் மாலையில் 322 ஜோடிதான் வரும். உங்கள் 320 பெரும்பாலும் இப்படி ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். எந்த மிஷினுக்கு முன்னால் பண்டில் குவிகிறது, எந்த மிஷினில் ஆள் அடுத்த பண்டிலுக்குக் காத்திருக்கிறார் என்று பாருங்கள். குவியும் இடத்துக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில்தான் அடைப்பு.

அங்கே போய் போன் ஸ்டாப்வாட்சில் தொடர்ந்து பத்து ஜோடிக்கு நேரம் எடுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள் என்பதை அந்த அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று குறித்தால், வேலையைவிட்டு அனுப்பத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று மதியத்துக்குள் லைன் முழுக்கப் பரவிவிடும். அந்த 80 வினாடியையும் துண்டு துண்டாகக் குறியுங்கள். அதில் பசை தடவுவதற்கும் நூல் வெட்டுவதற்கும் 18 வினாடி போகிறது, பக்கத்து மிஷினில் வேலை 45 வினாடியிலேயே முடிந்துவிடுகிறது என்றால், அந்த 18-ஐ அங்கே மாற்றுங்கள். இங்கே 62, அங்கே 63. யாரையும் திட்டாமல் 400 எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மாற்றுவதற்கு முன் இரண்டு பேரையும் கூப்பிட்டு எண்களைக் காட்டிப் பேசுங்கள். வேலை கூடுகிறவருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

புது சூப்பர்வைசர்கள் பலரும் செய்யும் தவறு, மெதுவான மிஷினில் தாங்களே உட்கார்ந்து தைப்பது. நல்ல டெய்லர் என்பதால் கை பரபரக்கும். ஆனால் நீங்கள் குனிந்து தைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் லைனைப் பார்க்க ஆளில்லை. துணியில் தப்புத் தையல் விழுந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசித் துளை நின்றுவிடும், அந்தப் பீஸ் போனது போனதுதான். அதனால் சைஸ் மாறும்போதும் நூல் மாறும்போதும் ஊசி மாற்றிய பிறகும் முதல் ஐந்து ஜோடியைக் கையில் வாங்கிப் பாருங்கள்: விளிம்பிலிருந்து தையல் ஒரே தூரத்தில் ஓடுகிறதா, அடிநூல் தொங்குகிறதா, இடது வலது இரண்டும் ஒரே நிறமா. உங்கள் நாளில் இதைவிட லாபமான பத்து நிமிடம் கிடையாது.

தோழிகள் சிரிப்பதற்கு வருவோம். அவர்கள் உங்கள் குரலை அளக்கவில்லை. லீவு, ஓ.டி. (ஓவர்டைம்), நல்ல மிஷின் மூன்றும் யாருக்குப் போகிறது என்று பார்க்கிறார்கள். முதல் வாரத்திலேயே லீவுக்கு ஒரு நோட்டு போடுங்கள். கேட்ட தேதி வரிசையில் கொடுங்கள், ஒரே நாளில் இத்தனை பேருக்குமேல் கிடையாது என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓ.டி.க்கு முறை வைத்துப் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஓ.டி. உண்டா இல்லையா என்பதைச் சாப்பாட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள். பேரணாம்பட்டுக்கும் மாதனூருக்கும் பஸ் பிடித்துப் போகிறவர் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது என்று ஏற்பாடு செய்ய வேண்டாமா? மாலை ஐந்து மணிக்குச் சொல்லப்படும் ஓ.டி.தான் லைனில் பாதிச் சண்டைக்குக் காரணம். உங்கள் நெருங்கிய தோழிக்கும் அதே வரிசைதான் என்பதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால் சிரிப்பு தானாக அடங்கும்.

யாருக்காவது புது வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தால், இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவாக்கிய நான்கு படி முறை இன்றைக்கும் பிரமாதமாக வேலை செய்கிறது. முதலில் ஆளை இயல்பாக்கி, இந்த வேலையில் என்ன தெரியும் என்று கேளுங்கள். பிறகு முக்கியமான இடங்களைச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுங்கள். மூன்றாவதாக அவரைச் செய்யவிட்டு, ஏன் இப்படிச் செய்கிறோம் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கடைசியாக, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லிவிட்டு, அடிக்கடி போய்ப் பார்த்து, பார்க்கும் இடைவெளியை மெல்லக் கூட்டுங்கள். நம் லைன்களில் இரண்டாவது படியோடு விட்டுவிடுகிறோம்.

கேள்வி: ஆங்கிலம் சரளமாக வராது. மேனேஜர் அளவுக்கு உயர முடியுமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: முடியும். ஆனால் முதலில் உங்களுக்கு வேண்டிய மொழி வேறாக இருக்கலாம். உங்கள் ஊர் ஷாப் ஃப்ளோரில் தமிழோடு உருதும் ஓடுகிறது, இப்போது இந்தி பேசும் பையன்களும் வந்துவிட்டார்கள். "கையை எடு", "மிஷினை நிறுத்து", "அடிபட்டதா", "புரிந்ததா, செய்து காட்டு" போன்ற ஐம்பது வாக்கியங்களை அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டால் அந்த ஃப்ளோர் உங்களை நம்பும். ஆங்கிலத்தில் தினசரி ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்: எவ்வளவு திட்டம், எவ்வளவு முடிந்தது, குறைந்ததற்குக் காரணம், நாளைக்கு என்ன செய்யப்போகிறோம். இந்த நான்கு வரியை ஆறு மாதம் நீங்களே எழுதுங்கள். எண் சரியாக இருக்கும் ரிப்போர்ட்டில் இலக்கணப் பிழையை யாரும் தேடமாட்டார்கள்.

கேள்வி: வேலூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் 30 படுக்கை வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போகிறது. ஜூனியர்கள் தவறு செய்தால் மறைக்கிறார்கள், எனக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிய வருகிறது.
– வாசகி, வேலூர்

பதில்: இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம், அதுதான் ஆபத்து. தவறு தெரிந்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "யார் செய்தது?" என்றால், அடுத்த தவறு உங்களிடம் வராது. நோயாளி எப்படி இருக்கிறார், டாக்டருக்குச் சொல்லியாயிற்றா, எப்படி நடந்தது என்ற வரிசையில் கேளுங்கள். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் உள்ளே போவது 50 யூனிட். மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 20-க்குப் பதில் எட்டுதான் போகும். இது நடந்தால் அந்தப் பெண்ணைக் கண்டிப்பதோடு விடாதீர்கள். இரண்டு வகையும் ஒரே தட்டில் ஏன் இருந்தன என்று கேட்டு அன்றே பிரித்து வையுங்கள். தட்டு அப்படியே இருந்தால் அடுத்த மாதம் இன்னொரு பெண் அதையே செய்வாள்.

ஷிஃப்ட் மாற்றத்தை நர்ஸிங் ஸ்டேஷனில் வைக்காமல் படுக்கைக்குப் படுக்கை போய்ச் செய்யுங்கள். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து டிரிப், டியூப், கட்டு மூன்றையும் கண்ணால் பார்க்கட்டும். அந்த நேரத்தில் போன் எடுக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். பாதியில் கூப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் தகவல் விடுபடுகிறது. டாக்டரைக் கூப்பிடும்போது நான்கு செய்தி இதே வரிசையில் வரப் பழக்குங்கள்: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். "12-ஆம் படுக்கை, பிபி 86/54, பல்ஸ் 124. நேற்று வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், காலையில் பிபி 110/70 இருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தைத்தான் ஜூனியர்கள் விழுங்கிவிடுகிறார்கள். டாக்டரிடம் "வாருங்கள்" என்று சொல்வதா என்ற தயக்கம். அது மரியாதைக் குறைவு ஆகாது என்று நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், டாக்டர் முன்னிலையிலேயே சொன்னால் இன்னும் நல்லது. போனில் வரும் ஆர்டரை எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, "சரி" என்ற பதில் வந்த பிறகே மருந்தைத் தொடட்டும்.

கேள்வி: எனக்குக் கீழே வேலை செய்யும் பெண், மாஸ்டர் ஒருவர் தப்பாக நடந்துகொள்கிறார் என்று அழுதாள். பெரிதாக்காமல் பேசி முடித்துவிடு என்கிறார்கள் மேலே. என்ன செய்வது?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: பேசி முடிக்காதீர்கள், அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும், ஒரு பெண்ணைத் தலைவராகக் கொண்ட உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். உங்கள் கம்பெனியில் இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். அந்தப் பெண்ணிடம் "நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். அவள் சொன்ன தேதி, இடம், சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்காமல் அவளை வேறு செக்‌ஷனுக்கு மாற்றாதீர்கள், அது அவளுக்கே தண்டனையாகிவிடும். யாரிடமும் பெயரைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் 22 பேரை வைத்து ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துகிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட நாற்பது போன் வருகிறது. ஃபோர்மேன் நல்லவர்தான், ஆனால் எதையும் தானாக முடிவு செய்யமாட்டார்.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அவர் முடிவெடுத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நேராக வெல்டரிடம் போய் "அதை விடு, இதைச் செய்" என்று ஒரு முறை சொல்லியிருந்தாலே போதும், அன்றோடு ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொள்வார். இனி வெல்டரிடம் என்ன சொல்ல வேண்டுமானாலும் ஃபோர்மேன் வழியாகச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

ஒரு வாரம், வரும் ஒவ்வொரு போனையும் ஒரு வரியில் குறியுங்கள். பிறகு வகை பிரியுங்கள்: பொருள் வாங்குவது, லீவு, டிராயிங் சந்தேகம், கஸ்டமர். முதல் இரண்டும்தான் அதிகமாக இருக்கும், அவற்றைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். பணத்துக்கு எல்லை போடுங்கள். உதாரணமாக, 5,000 ரூபாய் வரை அவரே வாங்கலாம். 20,000 வரை வாங்கிவிட்டு அன்று மாலை சொன்னால் போதும். அதற்கு மேல் கேட்டுவிட்டு. ராடு, கிரைண்டிங் வீல், கேஸ் மூன்றுக்கும் இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். டிராயிங் அளவில் சந்தேகம் வந்தால் வெட்டுவதற்கு முன் நிறுத்தி கஸ்டமரின் ஆளைக் கேட்கும் உரிமையையும் ஃபோர்மேனுக்கே கொடுங்கள். வெட்டிய தகட்டை ஒட்டவைக்க முடியாது.

அவர் எடுக்கும் முதல் சில முடிவுகளில் ஒன்றிரண்டு தப்பும். 3,000 ரூபாய் நஷ்டம் என்றால் பயிற்சிச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்போது பொறுப்பைத் திரும்பப் பிடுங்கினால் இன்னொரு முறை அவர் வாங்கிக்கொள்ளமாட்டார். வேலூரில் 1900-இல் ஒற்றைப் படுக்கை கிளினிக்காக இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், எல்லா நோயாளியையும் தானே பார்ப்பது என்றிருந்தால் அது அந்த அளவிலேயே நின்றிருக்கும். 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று கற்றுக்கொடுப்பதையே பெரிய வேலையாக எடுத்துக்கொண்டார்.

பழகுவதற்கு, புதன்கிழமை மதியத்துக்குமேல் யூனிட்டுக்குப் போகாதீர்கள், போனும் எடுக்காதீர்கள். அவசரம் என்றால் எது அவசரம் என்று முன்பே சொல்லுங்கள்: அடிபட்டால், தீப்பிடித்தால், மின்வாரிய ஆளோ அரசு இன்ஸ்பெக்டரோ வந்தால். வியாழன் காலை பதினைந்து நிமிடம் ஃபோர்மேனோடு உட்கார்ந்து, நேற்று என்ன முடிவெடுத்தார், ஏன் என்று கேளுங்கள். காரணம் சரியாக இருந்து முடிவு மட்டும் சறுக்கியிருந்தால் திருத்தம் சொல்லாமல் விடுங்கள். ஆறு புதன்கிழமை தாண்டிய பிறகு முழுநாளாக்குங்கள்.