வேகம் காலில், சுழற்சி கையில்

உழவர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்ராறியோவில் கொஞ்சக் காணியும், பழைய 25 குதிரைவலு உழவு இயந்திரம் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். ஹைட்ரோஸ்டாட்டிக், கியர் மாற்றத் தேவையில்லை என்று சொல்லித் தந்தார்கள். பின்னால் புதர் வெட்டும் மெசினைக் கொழுவிப் புல் வெட்டுகிறேன். மேட்டில் ஏறும்போது மிதியை அழுத்த அழுத்த எஞ்சின் திணறுகிறது. ஈரமான இடத்தில் ஒரு சில்லு மட்டும் சுற்றிக்கொண்டு நின்றபோது இரண்டு பின்சில்லையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லொக்கை மிதித்தேன். பெரிய சத்தம் கேட்டது, பிறகு மிதி மேலே வரவே இல்லை. இன்னொன்று, கதிரையை விட்டு எழும்பினால் எஞ்சின் நின்றுபோகிறது. கதிரைக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் வயர்களைச் சேர்த்துக் கட்டிவிட்டால் சரி என்கிறார் கணவர். செய்யலாமா ஐயா?
– வாசகி, ஒன்ராறியோ, கனடா

பதில்: வயரைக் கட்டாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். உங்கள் கணவரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

எஞ்சினின் விசையைப் பின்னால் மாட்டிய மெசினுக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு ஒன்பது சுற்று. தண்டின் விட்டம் 35 மில்லிமீட்டர், அதாவது ஒரு சுற்றுக்குப் பதினோரு சென்டிமீட்டர் துணியை இழுக்கும். கணக்குப் போட்டால் ஒரே நொடியில் ஒரு மீட்டர். துணி சுற்றச் சுற்றத் தண்டு பருமனாகும், இழுப்பும் கூடும். நம் ஊரில் வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு. உங்கள் ஊரில் ஜாக்கெட் கயிறு, கழுத்துத் துணி, தளர்ந்த கையுறை. மாட்டிக்கொண்டவர் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. பிடிஓ ஓடும்போது ஓட்டுநர் எழுந்தால் கதிரைக்குக் கீழே உள்ள அந்தச் சுவிட்ச் எஞ்சினை நிறுத்துவது இதற்காகத்தான். அது வண்டியின் கோளாறு இல்லை.

இறங்க வேண்டுமா? பிடிஓவை அணையுங்கள், மிதியிலிருந்து காலை எடுங்கள், மெசினைத் தரையில் இறக்குங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள், எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். புதர் வெட்டியின் கத்தி கனமானது. பிடிஓ அணைந்த பிறகும் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கிறவரை இருக்கையிலேயே இருங்கள். தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டி என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த உறைதான் முதலில் உடைந்திருக்கும். உடைந்திருந்தால் புதிது வாங்கி மாட்டிவிட்டு அடுத்த புல்லை வெட்டுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, குழியில் குலுங்கினால் எஞ்சின் நிற்கிறது என்றால் அது சுவிட்சின் பழுது. சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது வயர் முனை துருப்பிடித்திருக்கும். மாற்றிவிடலாம், பெரிய வேலை இல்லை. கிளை நொறுக்கும் இயந்திரம் போல வண்டியை நிறுத்தி வைத்து ஓட்ட வேண்டிய வேலைகளும் உண்டு. சில மாடல்களில் பார்க்கிங் பிரேக் போட்டு, ரேஞ்ச் லிவரை (லோ, ஹை என்று வேக வரம்பை மாற்றும் லிவர்) நியூட்ரலில் வைத்தால் ஆள் இறங்கினாலும் பின்பக்க பிடிஓ ஓடும்படி கம்பெனியே வழி வைத்திருக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் அது இருந்தால் அந்த முறைப்படி செய்யுங்கள்.

சரி, மேட்டுக்கு வருவோம். மலேசியாவில் ஒரு கோல்ஃப் மைதானப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் இந்த வகை வண்டிகளோடுதான் என் பொழுது போனது. கியர் வண்டி ஓட்டிப் பழகிப் புதிதாக வருகிற எல்லோரும் உங்களைப் போலத்தான் அழுத்துவார்கள். அந்த மிதி ஆக்சிலேட்டர் கிடையாது. எஞ்சின் ஒரு ஆயில் பம்பைச் சுற்றுகிறது, அந்த ஆயில் ஒரு மோட்டாரைச் சுற்றிச் சக்கரத்தை ஓட்டுகிறது. மிதியை அழுத்தினால் பம்புக்குள் இருக்கும் சாய்தட்டு கூடுதலாகச் சாயும், ஒரு சுற்றுக்கு அதிக ஆயில் போகும். வேகம் கூடும், இழுவிசை குறையும். மிதியை முழுக்க அழுத்தி மேடேறுவது, நம் ஊர் வண்டியை நாலாவது கியரில் போட்டு மேடேறப் பார்ப்பது போல. ஆகவே திணறினால் காலைத் தளர்த்துங்கள். வண்டி மெதுவாகும், ஆனால் ஏறும். அதற்கும் திணறினால் சமதளத்தில் முழுசாக நிறுத்தி, ரேஞ்ச் லிவரை லோவுக்கு மாற்றிக்கொண்டு ஏறுங்கள்.

சரிவில் வைத்து அந்த லிவரைத் தொடவே வேண்டாம். அது நியூட்ரலைக் கடக்கும் நேரத்தில் ஆயிலின் பிடி சக்கரத்தை விட்டுப் போய்விடும், வண்டி தானாக உருளும். இறங்கும்போதும் லோ ரேஞ்ச், நாலு சக்கர ஓட்டம். அப்போதுதான் முன்சக்கரங்களும் வண்டியைப் பிடித்து நிறுத்தும். வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காக்கும் கவிழ்ச்சிக் கம்பி நிமிர்ந்து இருக்கட்டும், சீட் பெல்ட்டும் போட்டிருங்கள்.

திணறலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கை ஆக்சிலேட்டரைக் குறைத்து வைத்துப் புல் வெட்டுகிறீர்களோ என்று சந்தேகிக்கிறேன். மீட்டரில் பிடிஓ 540 என்று ஒரு குறி இருக்கும். பிடிஓவைப் போடும்போது எஞ்சின் மெதுவாக ஓட வேண்டும், போட்டபின் கை லிவரை அந்தக் குறிவரை கூட்ட வேண்டும், வெட்டி முடிக்கும்வரை அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். புல் அடர்த்தியானால் காலால் வண்டியை மெதுவாக்குங்கள், கத்தியின் சுழற்சி குறையாது. கியர் வண்டியில் இந்தச் சுகம் இல்லை. அங்கே தரை வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரைக் குறைத்தால் பிடிஓவும் சேர்ந்து குறைந்துவிடும். வேகத்தைக் காலிலும் சுழற்சியைக் கையிலும் பிரித்துத் தந்திருப்பதுதான் ஹைட்ரோஸ்டாட்டிக்கின் பெருமை. காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

டிஃப் லாக் விஷயத்தில் நடந்தது இதுதான். டிஃபரன்ஷியல் இரண்டு பின்சக்கரத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒன்று ஈரப் புல்லில் பிடி இல்லாமல் சுற்றினால், கெட்டித் தரையில் நிற்கிற மற்றதற்கும் அந்தக் கொஞ்ச விசைதான் கிடைக்கும். லாக் இரண்டையும் பல் சேர்த்து ஒன்றாகப் பூட்டுகிறது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதித்தீர்கள், வேறு வேறு வேகத்தில் இருந்த பற்கள் மோதிக்கொண்டன. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். இனி வழுக்கும் இடம் வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே மிதியுங்கள். ஏற்கெனவே சுற்றுகிறதென்றால் காலை எடுத்துச் சக்கரத்தை நிற்க விட்டு, லாக்கை மிதித்து, பிறகு மெல்ல நேராக நகருங்கள். கடந்ததும் விடுங்கள். லாக் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது, வண்டி நேராகவே போகப் பார்க்கும், இருசும் பற்களும் அடிவாங்கும். ரோட்டிலும், வேகமாகப் போகும்போதும் தொடவே கூடாது.

மிதி மேலே வராததற்குக் காரணம், பற்களுக்கு இடையே இறுக்கம் மிச்சம் இருப்பது. காலை வைத்து நெம்ப வேண்டாம். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் மெதுவாக நகர்த்துங்கள். இடம் வலம் தனித்தனிப் பிரேக் உள்ள வண்டி என்றால் மாறி மாறி லேசாகத் தட்டுங்கள். இறுக்கம் விட்டதும் ஸ்பிரிங் மிதியைத் தூக்கிவிடும். அப்படியும் வரவில்லையென்றால் மிதியின் அச்சாணியில் துரு ஏறியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுத் துருவை எடுத்து, எண்ணெய் விட்டு, கையால் அழுத்தி அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: நடவுக்குத் தொழி அடிக்கும்போது வண்டி புதைந்துவிட்டது. டிஃப் லாக் போட்டு ஏற்றலாம் என்று டிரைவர் முயன்றார், முன்சக்கரம் மேலே தூக்கியது. பிறகு சக்கரத்தில் கட்டை கட்டி ஏற்றலாம் என்றார். பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: நிறுத்தியது மிகச் சரி. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால்தான் லாக் உதவும். இரண்டுமே சேற்றில் இறங்கிவிட்டால் லாக் இன்னும் ஆழமாகத் தோண்டும், அவ்வளவுதான். கட்டை கட்டுவது உயிரை எடுக்கிற வேலை. சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் எஞ்சினின் விசை வண்டியின் உடலையே பின்சக்கர இருசைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பினால் ஒன்றிரண்டு நொடியில் வண்டி மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும். கிளட்சை மிதிக்கக்கூட அவகாசம் இருக்காது.

பிடிஓவை அணைத்து, பின்னால் மாட்டியிருக்கும் சேறு கலக்கும் ரோட்டாவேட்டரைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்தின் பின்னால் உள்ள சேற்றை வெட்டி எடுத்து, ரிவர்ஸில் வெளியே வரப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னொரு வண்டியைக் கெட்டியான வரப்புப் பக்கம் நிறுத்தி இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் வண்டியில் கயிறு இருசுக்குக் கீழே, பின்பக்க இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் அந்த வண்டியும் முன்பக்கம் தூக்கும். ஆட்கள் கயிற்றுக்கு நேரே நிற்கக் கூடாது. கூலிக்கு வந்த டிரைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அன்று மாலை நடவு தள்ளிப் போகட்டும்.

கேள்வி: புது வண்டியில் பிடிஓ லிவரில் 540, 540இ என்று இரண்டு இருக்கிறது. தென்னை மட்டை தூளாக்க எதைப் போடுவது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: 540 போடுங்கள். 540இ என்பது எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போதே தண்டுக்கு அதே 540 சுற்றைக் கொடுக்கும். டீசல் மிச்சமாகும், ஆனால் அந்த வேகத்தில் எஞ்சினிடம் முழு பலம் இருக்காது. மருந்து தெளிப்பான், சின்ன ஜெனரேட்டர் போன்ற லேசான வேலைக்கு அது நல்லது. மட்டை சிக்கும்போது எஞ்சின் அமுங்கிப் போகும். 540இ-யில் போட்டுக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்தாலும் ஆபத்து, தண்டு 540-ஐத் தாண்டி ஓடித் தூளாக்கும் இயந்திரத்தை உடைத்துவிடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது பிடிஓ முழுசாக நின்றிருக்க வேண்டும்.