கிருஷ்ணகிரியில் சின்ன பட்டறைக்கு நல்ல ஆள் பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: 12 பேர் வேலை செய்யும் சிஎன்சி (கணினி வழியாக இயங்கும் உலோகம் வெட்டும் இயந்திரம்) பட்டறை, தேறிய ஆபரேட்டர்கள் எல்லாம் ஓசூருக்குப் போய்விடுகிறார்கள், என்ன செய்வது?

ஓசூர் சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) கம்பெனிகளோடு சம்பளத்தில் மோத வேண்டாம், முடியாது. அதைத் தாண்டினால் பெங்களூரு வேறு. தேறிய ஆளைத் தேடுவதைவிட, ஐடிஐ முடிக்கும் பையன்களைத் தேற்றி எடுப்பதுதான் நடக்கிற காரியம். கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு ஐடிஐகளில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் பிரிவு ஆசிரியர்களை நேரில் போய்ப் பாருங்கள். யாருக்குக் கை நிதானம், யார் லீவு போடுவான் என்பது மதிப்பெண் பட்டியலில் இருக்காது, அவர்களுக்குத் தெரியும். 4 பேர் வேலை செய்தாலே அப்ரண்டிஸ் (பயிற்சித் தொழிலாளி) எடுக்கலாம் (30 பேர் இருந்தால் கட்டாயம்). மத்திய அரசுத் திட்டத்தில் அவர்களின் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே நேராக அவர்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாமிலும் இலவசமாக ஆள் எடுக்கலாம். கூட்டம் வரும், ஆனால் அதில் உங்கள் வேலைக்குப் பொருந்துபவர் குறைவு.

நேர்காணலில் பேச்சைக் குறையுங்கள். ஒரு டிராயிங்கும் மைக்ரோமீட்டரும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், அரை மணியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அப்புறம், 10 பேரைத் தாண்டியதால் உங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. ஆள் சேரும் அன்றே அதைப் பதிந்து கொடுங்கள். ஓவர்டைம் காசை இழுத்தடிக்காதீர்கள். ஆள் போவதற்கு அதுவும் ஒரு காரணம். பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையனுக்கு வீட்டுச் சாப்பாடும் முக்கியம், ஓசூரில் அறை வாடகை கொடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று அவனுக்கே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.